பலூனில் ஏறிய விஞ்ஞானிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலூன் வரலாறு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, யார் முதலில் பறந்தார்கள் என்பதுதான். அதற்குக் கீழே பதில் உண்டு. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. மேலே போனவர்கள் எதை அளந்தார்கள்? என்ன தெரிந்துகொண்டு இறங்கினார்கள்? 1783க்கு முன்பு உயரத்துக் காற்றைப் பற்றி மனிதர்கள் அறிந்ததெல்லாம் மலையேறி அறிந்ததுதான். மலையுச்சிக்கும் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி திறந்தது பலூன். நினைத்த ஊருக்குப் போகும் வாகனமாக அது கடைசிவரை தேறவில்லை. ஆய்வுக்கூடமாக அது செய்த வேலைக்கு ஈடு சொல்வது கடினம்.

பலூனைக் கண்டுபிடித்தது யார்?

பிரான்சின் தென்பகுதியில் இருக்கும் அனொனே என்ற ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜோசஃப், எட்டியன் மோன்கோல்ஃபியே சகோதரர்கள். 1783 ஜூன் 4 அன்று ஊர்ச் சதுக்கத்தில், அந்த வட்டாரப் பிரதிநிதிகள் முன்னிலையில், சாக்குத்துணிக்கு உள்ளே காகிதம் ஒட்டி, துண்டுகளைப் பொத்தான்களால் இணைத்துச் செய்த ஒரு பெரிய உறையை ஏற்றிவிட்டார்கள். சுமார் பத்து நிமிடம் காற்றில் இருந்துவிட்டு 2 கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. ஆள் யாரும் அதில் இல்லை.

இதற்கு முன்பே சிறிய அளவில் நடந்தவை உண்டு. சீனாவில் காகித விளக்குகளை வானில் விடும் வழக்கம் மிகப் பழையது. 1709இல் லிஸ்பனில் பார்தொலொமேவ் த குஸ்மாவ் என்ற பாதிரியார் போர்ச்சுகல் மன்னரின் அவையில் சிறிய காகிதப் பலூன் ஒன்றை எழும்பவைத்தார். ஆனால் ஆளைச் சுமக்கும் அளவுக்கு இதைக் கொண்டுபோனது மோன்கோல்ஃபியே குடும்பம்தான்.

புகைதான் பலூனைத் தூக்குகிறது என்று அவர்கள் நம்பினார்களாமே?

ஆமாம். ஈர வைக்கோலும் கம்பளியும் எரியும்போது தனி வகை வாயு ஒன்று உண்டாகிறது, அது காற்றைவிட லேசானது என்று நினைத்தார்கள். அதனால் புகை நிறைய வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். உண்மையில் வேலை செய்தது வெப்பம் மட்டுமே.

கணக்கு எளிதானது. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. அதை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் விரிந்து, அதே இடத்தில் சுமார் 950 கிராம்தான் மிஞ்சும். மீதி 250 கிராம்தான் தூக்குவிசை. அதே ஒரு கன மீட்டரில் ஹைட்ரஜனை நிரப்பினால் அதன் எடை 100 கிராம்கூட இல்லை, தூக்குவிசை 1.1 கிலோவைத் தொடும். வெப்பக்காற்று பலூன் நான்கு மடங்கு பெரிதாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். அதோடு நெருப்பை விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

காரணம் தவறாக இருந்தும் பலூன் பறந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவர்கள் கைத்தொழில்காரர்கள், செய்து பார்த்து, பெரிதாக்கி, மறுபடி செய்து பார்த்தார்கள். ஏன் பறக்கிறது என்ற கேள்விக்குச் சரியான விடை தேட வேறொருவர் வந்தார்.

அந்த வேறொருவர் யார்?

ஜாக் சார்லஸ். பாரிஸில் மின்சாரம், காற்று பற்றியெல்லாம் சோதனைகளைச் செய்துகாட்டிப் பொதுமக்களுக்குப் பாடம் நடத்தியவர். இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1766இலேயே ஹைட்ரஜனைத் தனி வாயுவாக ஆராய்ந்து, அது காற்றைவிட மிக லேசானது என்று காட்டியிருந்தார். 1782இல் டைபீரியஸ் கவல்லோ ஹைட்ரஜன் அடைத்த சோப்புக் குமிழிகளை மேலே பறக்கவிட்டார். குமிழி பறந்தது, ஆனால் காகிதமோ துணியோ அந்த வாயுவைப் பிடித்து வைக்கவில்லை. கசிந்துவிட்டது.

சார்லஸும் ரோபேர் சகோதரர்கள் என்ற இரண்டு கைவினைஞர்களும் சேர்ந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். ரப்பரை டர்பன்டைனில் கரைத்துப் பட்டுத் துணிமேல் பூசினார்கள். பிறகு ஹைட்ரஜன் வேண்டும். பீப்பாயில் இரும்புத் தூளைப் போட்டு அதன்மேல் கந்தக அமிலத்தை ஊற்றி, வெளிவரும் வாயுவைக் குழாய் வழியே பலூனுக்குள் விட்டார்கள். சுமார் அரை டன் இரும்பும் கால் டன் அமிலமும் தீர்ந்தன, வேலை முடிய நாட்கள் ஆயின. சூடாக உள்ளே போன வாயு ஆறியதும் சுருங்கியது. மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது.

1783 ஆகஸ்ட் 27 அன்று, இப்போது ஈஃபில் கோபுரத்தின் முன்னால் இருக்கும் மைதானத்திலிருந்து அது கிளம்பியது. கூட்டத்தில் அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். பலூன் செய்திகளை அவர் லண்டனில் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசஃப் பேங்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்த ஆண்டின் நிகழ்வுகள் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு அந்தக் கடிதங்களும் ஒரு காரணம்.

கிராமத்து மக்கள் பலூனைக் கவைக்கோலால் குத்திக் கிழித்தது அப்போதா?

அதே பலூன்தான். முக்கால் மணி நேரத்தில் கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. வானத்திலிருந்து விழுந்து, துள்ளித் துள்ளி, துர்நாற்றமும் வீசிய ஒன்றைப் பார்த்து மக்கள் பயந்துபோய்க் குத்திக் கிழித்துக் குதிரையின் வாலில் கட்டி இழுத்தார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. யாரும் அவர்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்புறம்தான், இப்படி ஒன்று வானில் தெரிந்தால் அஞ்ச வேண்டாம் என்று அரசு அறிவிப்பு வெளியிட்டது.

ஆடு, வாத்து, சேவல் பறந்த கதை?

1783 செப்டம்பர் 19, வெர்சாய் அரண்மனை. மன்னர் பதினாறாம் லூயியும் அரசி மரி அன்துவானெத்தும் பார்த்துக்கொண்டிருக்க, மோன்கோல்ஃபியே பலூனில் மூன்றும் ஏறி, எட்டு நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கின. சேவலின் சிறகில் காயம் இருந்தது. உயரத்துக் காற்றால் வந்ததோ என்று பெரிய விவாதம் நடந்து, கிளம்பும் முன்பே ஆடு உதைத்ததுதான் காரணம் என்று முடிவானது.

முதலில் பறந்த மனிதர்கள்?

பிலாத்ர் த ரோசியே, மார்க்கி தார்லாந்த் என்ற இருவர். 1783 நவம்பர் 21. முதலில் மரண தண்டனைக் கைதிகளை ஏற்றலாம் என்று மன்னர் எண்ணினார். அந்தப் பெருமை கைதிகளுக்குப் போகக் கூடாது என்று ரோசியே வாதாடி இடம் பிடித்தார். பாரிஸின் மேற்கு ஓரத்தில் ஏறி, நகருக்கு மேலாக 25 நிமிடம் பறந்து, மறுபக்கம் ஒரு மேட்டில் இறங்கினார்கள். ஒரு கையால் அடுப்பில் வைக்கோல் போடுவது, மறு கையால் துணியில் பற்றும் பொறிகளை ஈரப் பஞ்சால் அணைப்பது: அந்தப் பயணம் முழுக்க இதே வேலை. எதையும் அளக்க அங்கே நேரமும் இல்லை, கையும் இல்லை.

அப்படியானால் முதல் அறிவியல் பயணம் எது?

பத்தே நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று சார்லஸ் போனது. இந்தப் பயணம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

துய்லெரி தோட்டத்தில் லட்சக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். சார்லஸ் கிளம்பும் முன் ஒரு சிறிய பச்சைப் பலூனை எட்டியன் மோன்கோல்ஃபியே கையில் கொடுத்து, அவரையே பறக்கவிடச் சொன்னார். வானத்துக்கு வழிகாட்டியவர் நீங்கள்தான் என்று ஊரறியச் செய்த மரியாதை அது. போட்டி நடந்த காலத்தில் இந்தப் பண்பு இருந்தது.

பலூனின் அமைப்பையும் பார்க்க வேண்டும். உச்சியில் கயிறு இழுத்துத் திறக்கும் வால்வு. எடையைக் குறைக்க மணல் மூட்டைகள். மேலே போகப்போக விரியும் வாயு வெளியேற, அடியில் திறந்த வாய். பாரத்தைச் சமமாகத் தாங்க மேலே போர்த்திய வலை. அதில் தொங்கும் தொட்டி. அடுத்த நூறாண்டுக்கும் மேலாக வாயு பலூன்கள் இதே வடிவத்தில்தான் செய்யப்பட்டன. முதல் முயற்சியிலேயே இத்தனையும் அமைந்தது அபூர்வம்.

தொட்டியில் காற்றழுத்தமானியும் வெப்பமானியும் இருந்தன. உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும் என்பதால், அழுத்தமானியே உயரமானியாகவும் பயன்பட்டது. சார்லஸும் ரோபேர் சகோதரர்களில் இளையவரும் இரண்டு மணி நேரம் பறந்து, 36 கிலோமீட்டர் தள்ளி நெல் என்ற ஊரருகே மாலையில் இறங்கினார்கள். ரோபேர் இறங்கிக்கொள்ள, சார்லஸ் தனியாக மறுபடி ஏறினார். ஓர் ஆள் எடை குறைந்த பலூன் கிடுகிடுவென 3,000 மீட்டரை நெருங்கியது. கீழே மறைந்துவிட்ட சூரியன் மேலே அவருக்கு மறுபடி தெரிந்தது. அது இரண்டாம் முறை மறைவதையும் பார்த்தார். குளிரும் காதில் கடும் வலியும் சேர, வால்வைத் திறந்து இறங்கினார். அதன் பிறகு அவர் பலூன் ஏறவே இல்லை.

பள்ளிப் புத்தகத்தில் வரும் சார்லஸ் விதி இவருடையதா?

இவருடையதுதான். அழுத்தம் மாறாமல் இருந்தால், வாயுவின் கன அளவு வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும் என்பது அது. 1787 வாக்கில் பல வாயுக்களை ஒரே அளவுக்குச் சூடாக்கி, எல்லாம் ஒரேபோல விரிவதைக் கண்டார், ஆனால் வெளியிடவில்லை. 1802இல் கே-லூசாக் தன் அளவீடுகளை வெளியிட்டபோது, சார்லஸ் இதை முன்பே பார்த்திருந்தார் என்று எழுதிவைத்தார். அந்தக் கே-லூசாக்கும் இரண்டே ஆண்டில் பலூன் ஏறினார்.

கே-லூசாக் மேலே போய் என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, பூமியின் காந்த விசை உயரத்தில் குறைகிறதா? 1803இல் ஹாம்பர்க்கில் பலூன் ஏறிய ராபர்ட்சன் என்பவர் குறைகிறது என்றார். இரண்டு, மேலே போனால் காற்றின் கலவை மாறுமா? ஹைட்ரஜன் லேசானதாயிற்றே, அது மேலே தேங்கியிருக்குமோ, மின்னலும் எரிகற்களும் அதனால்தானோ என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

1804 ஆகஸ்ட் 24 அன்று கே-லூசாக்கும் பியோ என்ற இயற்பியலாளரும் சேர்ந்து 4,000 மீட்டர் வரை போனார்கள். காந்த ஊசியின் போக்கில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. இன்னும் உயரம் போக வேண்டுமானால் எடை குறைய வேண்டும்; ஆகவே செப்டம்பர் 16 அன்று கே-லூசாக் தனியாகப் போனார். 7,016 மீட்டர். கீழே சுமார் 28 டிகிரி இருந்த வெப்பநிலை மேலே உறைநிலைக்குக் கீழே ஒன்பதரை டிகிரி. மூச்சு வாங்க, தொண்டை வறண்டு ரொட்டிகூட இறங்காத நிலையில், காற்று அகற்றி மூடிவைத்த கண்ணாடிக் கலங்களைத் திறந்து 6,500 மீட்டருக்கு மேலேயுள்ள காற்றைப் பிடித்தார். பாரிஸ் திரும்பி ஆராய்ந்தபோது ஆக்சிஜன் விகிதம் தரையில் உள்ளதைப் போலவே இருந்தது. ஹைட்ரஜன் தேங்கியிருக்கவில்லை.

காற்றைப் பிடித்து வந்ததில் அவருக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1784 நவம்பர் 30 அன்று ஜான் ஜெஃப்ரீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் லண்டனிலிருந்து பிளான்ஷார் என்ற பிரெஞ்சு பலூன்காரரோடு ஏறினார். தண்ணீர் நிரப்பிய குப்பிகளை வெவ்வேறு உயரத்தில் கவிழ்த்து, காற்று புகுந்ததும் அடைத்து, இறங்கியதும் கேவண்டிஷிடம் ஒப்படைத்தார். இதே இருவர்தான் 1785 ஜனவரி 7 அன்று ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாகப் பலூனில் கடந்தார்கள். கடலில் விழாமலிருக்க நங்கூரம் முதல் மேல்சட்டை, கால்சட்டை வரை வீசியெறிந்தார்கள். மக்கள் நினைவில் நின்றது இந்தக் கால்சட்டைக் கதைதான். குப்பிகளை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்.

பெண்கள் பறக்கவில்லையா?

பறந்தார்கள், மிகச் சீக்கிரமே. 1784 ஜூன் 4 அன்று லியோன் நகரில் எலிசபெத் திப்ல் வெப்பக்காற்று பலூனில் போனார். பிளான்ஷாரின் மனைவி சோஃபி, கணவர் இறந்த பிறகு பலூன் ஏறுவதையே தொழிலாகக் கொண்டு பல காட்சிகள் நடத்தினார். 1819 ஜூலை 6 அன்று பாரிஸில் பலூனிலிருந்து வாணவேடிக்கை காட்டியபோது ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. வீட்டுக் கூரைமேல் விழுந்து, அங்கிருந்து தெருவில் விழுந்து இறந்தார்.

முதல் உயிரிழப்பு எப்போது?

முதலில் பறந்த ரோசியேவே முதலில் இறந்தவர்களிலும் ஒருவர். 1785 ஜூன் 15 அன்று பியேர் ரோமேனுடன், பிரான்ஸ் கரையிலிருந்து கால்வாயைக் கடக்கப் புறப்பட்டார். மேலே ஹைட்ரஜன் உறை, அதற்குக் கீழே நெருப்பு மூட்டிய வெப்பக்காற்று உறை. அந்த அமைப்பின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. கடலைத் தாண்டும் முன்பே கரையருகில் விழுந்து இருவரும் இறந்தார்கள்.

பலூனைத் திசைதிருப்ப முடியவில்லையா?

துடுப்பு, சிறகு, பாய் எல்லாம் பொருத்திப் பார்த்தார்கள். காற்றோடு சேர்ந்தே நகரும் பலூனில் துடுப்புக்குப் பிடிமானம் ஏது? இயந்திரம் வேண்டும். 1852இல் ஆன்றி ஜிஃபார் நீராவி இயந்திரம் பூட்டிய நீள்வடிவ பலூனில் பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் போனார். அது வான்கப்பலின் கதை, வேறு திசை.

ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு உயரம் போனார்கள்?

உயிர் போகும் வரை போனார்கள்.

1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வானிலை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளைஷரும் பலூன் ஓட்டி ஹென்றி காக்ஸ்வெல்லும் ஏறினார்கள். 8,800 மீட்டரில் கிளைஷருக்குக் கருவியின் எண்கள் மங்கின, கை தூக்க வரவில்லை, கழுத்து நிற்கவில்லை, நினைவு போயிற்று. வால்வுக் கயிறு சிக்கிக்கொள்ள, காக்ஸ்வெல் தொட்டிக்கு மேலே இருந்த வளையத்தின்மேல் ஏறி அதை எடுத்தார். குளிரில் கைகள் கருத்து மரத்துப்போயிருந்தன. கயிற்றைப் பல்லால் கடித்துத் தலையை ஆட்டி ஆட்டி இழுத்து வால்வைத் திறந்தார். கிளைஷர் கண் விழித்ததும் செய்த வேலை, பென்சிலை எடுத்து அளவுகளைக் குறிக்கத் தொடங்கியது. 11,000 மீட்டர் வரை போயிருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அவருடைய பயணங்களின் தொகுப்பான பயன் வேறு: உயரத்துக்கு ஏற்ப வெப்பநிலை ஒரே சீராகக் குறைகிறது என்ற பழைய கணக்கு சரியல்ல என்று அவை காட்டின.

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் செனித் என்ற பலூனில் தீசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் மூவரும் போனார்கள். இவர்களிடம் ஆக்சிஜன் பைகளே இருந்தன. அளவு போதாது என்று உடலியல் அறிஞர் பால் பெர் எழுதிய எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரவில்லை. இருப்பதைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்க, குழாயை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை. ஆக்சிஜன் குறையும்போது ஆபத்து வலியோடு வருவதில்லை. ஒருவித மகிழ்ச்சியோடு வருகிறது என்று தீசாந்தியே எழுதினார். 8,600 மீட்டர் வரை போன பலூன் கீழே வந்தபோது அவர் மட்டும் உயிரோடிருந்தார், செவித்திறன் இழந்து. இன்று விமானிகளுக்கு முகமூடியை எப்போது அணிய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதன் வேர் இந்தச் சாவுகளில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நம் பக்கத்துத் தொடர்பு ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது கவனிக்கப்பட்ட மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். பின்னாளில் தீப்பற்றாத பலூன் வாயுவாக வந்ததும் அதே ஹீலியம். தூக்குவிசையில் ஹைட்ரஜனைவிட ஏழெட்டு விழுக்காடுதான் குறைவு.

இரண்டு ஆண்டு கழித்துப் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, அடுத்த கிரகணத்தைத் தவறவிடக் கூடாது என்று ஜான்சென் கருவிகளோடு பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டினார். அல்ஜீரியாவின் ஓரான் நகரம் வரை போயும் சேர்ந்தார். கிரகணத்தன்று வானம் மேகமூட்டம்.

ஆள் இல்லாத பலூன்கள் எப்போது வந்தன?

செனித் சாவுகளுக்குப் பிறகு, கருவியை மட்டும் அனுப்பினால் போதுமே என்ற எண்ணம் வலுத்தது. லெயோன் தெய்ஸ்ரான் த போர், பாரிஸ் அருகே திராப்பில் தன் சொந்தச் செலவில் ஆய்வகம் வைத்து, தானாகப் பதியும் கருவிகளைக் கட்டி இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களை அனுப்பினார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுபோனது. வெயில் கருவியைச் சூடாக்கியிருக்குமோ என்று ஐயப்பட்டு இரவில் அனுப்பிப் பார்த்தார். அப்போதும் அதே முடிவு. 1902இல் அறிவித்தார். நாம் இன்று அடுக்கு வளிமண்டலம் என்று படிப்பது அதுதான்.

ஆனாலும் ஆள் ஏறுவது நின்றுவிடவில்லை. 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் 5,300 மீட்டர் போய், காற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு மேலே போகப்போகக் கூடுவதைக் கண்டார். கதிர் மண்ணிலிருந்து மட்டும் வந்தால் குறையத்தானே வேண்டும்? அது விண்வெளியிலிருந்து வருகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது ஏறியும் அளவு குறையாததால், சூரியன் மூலமல்ல என்றும் சொல்ல முடிந்தது. அண்டக் கதிர்கள் என்று இப்போது சொல்லும் இந்தக் கதிர்களுக்காக 1936இல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்றும் அறிவியலுக்குப் பலூன் தேவையா?

சென்னை மீனம்பாக்கம் உட்பட உலகமெங்கும் வானிலை நிலையங்கள் தினமும் பலூனில் கருவி கட்டி அனுப்புகின்றன. புயல் முன்னறிவிப்புக்கு அந்த அளவுகள் வேண்டும். ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் குறைந்த ஆற்றல் கொண்ட அண்டக் கதிர்களைப் பூமியின் காந்தப்புலமே தடுத்துவிடுகிறது. எக்ஸ் கதிர் வானியலுக்கு அது பெரிய வசதி. அங்கிருந்து 2005 ஏப்ரலில் போன பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரக் காற்றை உருளைகளில் பிடித்து வந்தது. அதில் அதுவரை அறியப்படாத மூன்று பாக்டீரியா இனங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், இன்னொன்றுக்கு வானியலாளர் ஃபிரெட் ஹாயலின் பெயர் சூட்டப்பட்டது.